டாஃப்ட் பங்கின் ‘ஹோம்வொர்க்’: படுக்கையறையில் பிறந்த ஆல்பம் என்பது எவ்வளவு தூரம் உண்மை?

இரவுவானொலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எலக்ட்ரானிக் நடன இசையைக் காலவரிசைப்படி கேட்டு வருகிறேன். இப்போது டாஃப்ட் பங்க் இரட்டையரின் முதல் ஆல்பமான ‘ஹோம்வொர்க்’கிற்கு வந்து சேர்ந்திருக்கிறேன். 1997 ஜனவரியில் வெளியான இந்த ஆல்பத்தைப் பற்றி எதை வாசித்தாலும், பாரிஸைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் ஒரு படுக்கையறையில் உட்கார்ந்து, கையில் கிடைத்த மலிவான கருவிகளைக் கொண்டே உலகத்தை ஆட வைத்துவிட்டார்கள் என்ற கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இதில் எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன.

படுக்கையறையும் ட்ரம் மெஷினும் (தாளத்தை மின்னணு முறையில் எழுப்பும் கருவி), ஹவுஸ், டெக்னோ என்ற நடன இசைகள் பிறந்த சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே பலரிடம் இருந்தன. அவர்கள் செய்த இசை கிளப்புகளைத் தாண்டிப் பெரிதாக வெளியே வராதபோது, இந்த ஆல்பம் மட்டும் எப்படி உலகக் கடைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் போய்ச் சேர்ந்தது? இது முதல் ஐயம். அடுத்தது, 16 பாடல்கள், ஏறத்தாழ 74 நிமிடங்கள் என்று நீளும் இந்த ஆல்பத்தில், ஒரே சொற்றொடரை 144 முறை சொல்லும் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ போன்ற பாடல்களும், ‘ரோலின் அண்ட் ஸ்க்ராட்சின்’ போல ஏழு நிமிடத்துக்கும் மேலாகச் செவியை அறுக்கும் ஓசைகளும் இருக்கின்றன. வெளியான காலத்தில் இதை மக்கள் உண்மையிலேயே வரவேற்றார்களா, அல்லது இன்றைய புகழைப் பின்னோக்கி ஏற்றிச் சொல்கிறோமா?

பழைய இசைத்தட்டு எழுதியது:

நண்பரே, படுக்கையறை என்பது உண்மை. ஏழ்மை என்பதுதான் பிற்காலத்தவர் சேர்த்துக்கொண்டது. தோமா பாங்கல்தேர் தம் வீட்டு அறையில் அமைத்த கூடத்தில்தான் ஆல்பம் உருவாயிற்று. ஆனால் அவருடைய தந்தை டேனியல் வாங்கார்ட், ஒட்டாவான் குழுவின் ‘டி.ஐ.எஸ்.சி.ஓ.’ உள்ளிட்ட டிஸ்கோ வெற்றிகளுக்குப் பின்னால் இருந்த பாடலாசிரியரும் தயாரிப்பாளரும் ஆவார். பதினெட்டாம் பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தைக் கொண்டே பாங்கல்தேர் முதல் கருவிகளை வாங்கினார். இசை நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் எந்த வரியில் கண்ணி இருக்கிறது என்று சொல்லித் தருவதற்கு வீட்டிலேயே ஒருவர் இருந்தார் என்பதைப் பணத்தைவிடப் பெரிய முதலாக நான் கருதுகிறேன்.

தொடக்கமும் அப்படியொன்றும் ஒளிமயமாக இருக்கவில்லை. பாங்கல்தேரும் கி-மானுவேல் தெ ஓமெம்-கிறிஸ்தோவும் 1987-இல் பாரிஸின் லிசே கார்னோ பள்ளியில் சந்தித்தவர்கள். பின்னர் லோரான் பிரான்கோவிட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து ‘டார்லின்’ என்ற கிட்டார் இசைக்குழுவை நடத்தினார்கள். பிரிட்டிஷ் வார இதழான மெலடி மேக்கர் அந்தக் குழுவை மட்டம்தட்டி எழுதிய சொற்களிலிருந்தே தங்கள் அடுத்த பெயரை எடுத்துக்கொண்டார்கள். பிரான்கோவிட்ஸ் பிரிந்து போய்ப் பிற்பாடு ஃபீனிக்ஸ் குழுவில் சேர்ந்தார். 1993-இல் பாரிஸுக்கு அருகே யூரோ டிஸ்னியில் நடந்த ஒரு ரேவில் (எலக்ட்ரானிக் இசைக்கு விடிய விடிய ஆடும் கூட்டம்), கிளாஸ்கோவின் சோமா ரெகார்டிங்ஸ் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் மெக்மில்லனிடம் இவர்கள் கொடுத்த டெமோ கேசட்தான் 1994-இன் முதல் வெளியீட்டுக்கும், 1995-இல் ‘டா ஃபங்க்’ 12 அங்குல இசைத்தட்டுக்கும் வழி திறந்தது. அந்தத் தட்டு முதலில் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே வெளிவந்தது. பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் இரட்டையரான கெமிக்கல் பிரதர்ஸ் தங்கள் டிஜே நிகழ்ச்சிகளில் அதை ஒலிக்கத் தொடங்கிய பிறகே பெரிய நிறுவனங்கள் கதவைத் தட்டின.

உங்கள் முதல் ஐயத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வந்த நிறுவனங்கள் பலவற்றை இவர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1996-இல் வெர்ஜின் நிறுவனத்தோடு கையெழுத்திட்டபோதும், மூல ஒலிப்பதிவுகளைத் தங்கள் சொந்த நிறுவனமான டாஃப்ட் ட்ராக்ஸின் கையிலேயே வைத்துக்கொண்டு, வெளியிடும் உரிமையை மட்டுமே கொடுத்தார்கள். அட்டை, காணொளி, முகத்தைக் காட்டுவதா மறைப்பதா என்பது வரை முடிவு அவர்களுடையது. சிகாகோவின் பல கலைஞர்களுக்கோ, ஒரு தட்டுக்கு ஒரு முறை கிடைத்த சிறு தொகையோடு கதை முடிந்துபோயிருந்தது. கருவி எல்லோருக்கும் ஒன்றுதான், ஒப்பந்தம் ஒன்றல்ல.

ஒலிக்கூடம் எழுதியது:

மேலே சொல்லப்பட்டதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். கருவிகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ‘மலிவான கருவிகள்’ என்ற பகுதியும் அரை உண்மைதான். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-909 ட்ரம் மெஷினும் டிபி-303 பாஸ் கருவியும் எண்பதுகளின் தொடக்கத்தில் விற்பனையாகாமல் தேங்கியவை. அப்போது அவற்றைப் பழைய பொருள் கடைகளில் எடுத்தவர்கள் சிகாகோ இளைஞர்கள். 303-இன் நெளியும் ஒலியில் பிறந்த அசிட் ஹவுஸ் என்ற பாணி புகழ் பெற்ற பிறகு அவற்றின் விலை ஏறிவிட்டது, ஆகவே தொண்ணூறுகளின் நடுவில் வாங்கியவருக்கு அவை சில்லறைக் காசுக்குக் கிடைத்திருக்காது. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தின் நாள் வாடகையோடு ஒப்பிட்டால் குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வாடகை இல்லை என்பதுதான் முக்கியமும்கூட. கடிகாரத்தைப் பார்க்காமல் நான்கே தாளச்சுற்றுகள் கொண்ட ஒரு துணுக்கை நாள் முழுவதும் ஓடவிட்டு, ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டரைத் திருகிக்கொண்டே இருக்க முடிந்தது. இந்த ஆல்பத்தின் ஒலிக்கு இரண்டு பழக்கங்கள் அடிப்படை என்பேன். பழைய டிஸ்கோ, ஃபங்க் தட்டுகளிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, அதன் மேல்சுருதிகளை ஃபில்டரால் அடைத்து, சுவருக்கு அப்பால் ஒலிப்பது போல மங்க வைத்துப் பின்னர் மெல்லத் திறப்பது ஒன்று. ‘இண்டோ சில்வர் கிளப்’பில் கேரன் யங்கின் ‘ஹாட் ஷாட்’ அவ்வாறு மறுபிறவி எடுக்கிறது; ‘ஹை ஃபிடெலிட்டி’யில் பில்லி ஜோயலின் மென்மையான காதல் பாட்டு ஒன்று அடையாளமே தெரியாத அளவுக்குத் துண்டாடப்பட்டிருக்கிறது. மற்றொன்று, முழுக் கலவையையும் கம்ப்ரஸரில் (உரத்த ஒலியை அடக்கும் கருவி) இறுக்கி, கிக் ட்ரம்மின் ஒவ்வோர் அடி விழும்போதும் மற்ற ஒலிகள் ஒரு கணம் பதுங்கி எழும்படி செய்வது. ஒலிப்பொறியியல் வகுப்பில் இதைப் பிழை என்றே சொல்லிக் கொடுப்பார்கள். இவர்களோ அந்த மூச்சுவாங்கலையே தாளத்தின் ஓர் உறுப்பாக்கிவிட்டார்கள், இன்று அதற்கென்றே தனி மென்பொருள்கள் விற்கின்றன.

‘டா ஃபங்க்’ பற்றி ஒரு குறிப்பு. ஹவுஸ் இசை வழக்கமாக நிமிடத்துக்கு 120 தாள அடிகளுக்கு மேல் ஓடும். இது 111 அளவில் நடக்கிறது. வாரன் ஜியின் ‘ரெகுலேட்’ போன்ற அமெரிக்க மேற்குக் கடற்கரை ராப் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்த நாள்களில் அதைப்போல ஒன்றைச் செய்ய முயன்றதன் விளைவு அது என்று பாங்கல்தேரே கூறியிருக்கிறார். ஹவுஸ் இசைக்குப் பழகாத ராக் ரசிகரும் ஹிப்-ஹாப் ரசிகரும் அதில் தலையாட்ட முடிந்ததற்கு அந்த மந்த நடையே காரணம் என்பது என் கருத்து.

இரவுவானொலி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒப்பந்தத்தின் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. ஆனால் வரவேற்பைப் பற்றி இன்னும் தெளிவு கிடைக்கவில்லை. பிரான்சிலேயே இதற்கு எப்படிப்பட்ட சூழல் இருந்தது?

ஊசிமுனை எழுதியது:

சூழல் பகைமையாகவே இருந்தது. 1995-இல் பிரெஞ்சு உள்துறை அமைச்சகம், ரேவ் நிகழ்ச்சிகளை மிகுந்த ஆபத்துக்குரியவை என்று கூறி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, அதைத் தொடர்ந்து பல நிகழ்ச்சிகள் தடுக்கப்பட்டன. ‘ரெவல்யூஷன் 909’ பாடலின் தொடக்கத்தில், கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே இசையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லும் காவலரின் ஒலிபெருக்கிக் குரல் கேட்கிறதல்லவா, அது அந்தச் சூழலுக்குச் சொன்ன பதில். (ரோமன் கொப்போலா இயக்கிய அதன் காணொளியில் கதை திடீரென்று ஒரு தக்காளி விதைக்குத் தாவி, சாஸாக மாறிக் காவலர் சட்டையில் கறையாகும் வரை போகிறது. காவல்துறையைக் கேலி செய்ய இதைவிடச் சாதுவான வழியை நான் பார்த்ததில்லை.)

விற்பனையைப் பொறுத்தவரை, நாடுகளுக்கு நாடு வேறுபாடு மிகுதி. பிரான்சில் ஆல்பம் 3-ஆம் இடம் வரையும் பிரிட்டனில் 8-ஆம் இடம் வரையும் ஏறியது. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 150-ஐத் தாண்டவில்லை. அதே நாட்டின் கிளப் பட்டியலில் ‘டா ஃபங்க்’, ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ இரண்டுமே முதலிடம் பிடித்தன. 2001 வாக்கில் உலக விற்பனை 20 லட்சத்தைக் கடந்திருந்தது. எனவே புகழைப் பின்னோக்கி ஏற்றுகிறோம் என்ற உங்கள் ஐயம் ஐரோப்பாவுக்குப் பொருந்தாது, அமெரிக்காவுக்கு ஓரளவு பொருந்தும்.

ஆனால் இந்த ஆல்பத்தை மாசற்றது என்று கொண்டாடுபவர்களோடு நான் சேரமாட்டேன். முதலில் இவர்கள் ஆல்பம் செய்யவே திட்டமிடவில்லை. தனித்தனித் தட்டுகளாக வெளியிட நினைத்துப் பாடல்கள் ஐந்து மாதங்களில் குவிந்துவிட்டதால்தான் ஆல்பமாயிற்று. அந்தத் தடயம் பின்பாதியில் தெரிகிறது. ‘ராக் அண்ட் ரோல்’, ‘ஓ யா’ இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து முழுதாகக் கேட்பது எனக்கு இன்றும் பொறுமைச் சோதனைதான். உண்மையில் இந்த ஆல்பத்தைத் தூக்கிச் சென்றவை காணொளிகள். முகத்தைக் காட்ட மறுத்த இருவர், தங்கள் இடத்தில், ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய ‘டா ஃபங்க்’ காணொளியின் நாய்த்தலை மனிதனை நியூயார்க் தெருக்களில் நடக்கவிட்டார்கள். கால் ஒடிந்து, கையில் டேப் ரெகார்டரோடு அலையும் அந்த சார்ல்ஸை, பாட்டையே கேட்டிராதவர்களும் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஒலிக்கூடம் எழுதியது:

பின்பாதி தொய்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாடல்கள் கிளப்பில் டிஜே இன்னொரு தட்டோடு கலப்பதற்காகச் செய்யப்பட்டவை; நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ‘ரோலின் அண்ட் ஸ்க்ராட்சின்’ பாடலை உரத்த ஒலியில், பாஸ் நெஞ்சில் இடிக்கும் ஓர் அரங்கில் கேட்டால், கிறீச்சிடும் அந்த ஓசை எப்போது வரும் என்று கூட்டமே காத்திருப்பதைப் பார்க்கலாம்.

144 முறை திரும்பும் சொற்றொடரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிஷெல் கோந்த்ரி இயக்கி, பிளாங்கா லி நடனம் அமைத்த ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ காணொளியை ஒரு முறை கவனமாகப் பாருங்கள். மின்குரலுக்கு ரோபோக்கள், பாஸுக்குப் படிகளில் ஏறி இறங்கும் விளையாட்டு வீரர்கள், கீபோர்டுக்கு நீச்சலுடைப் பெண்கள், கிட்டாருக்கு எலும்புக்கூடுகள், ட்ரம் மெஷினுக்கு மம்மிகள் என்று ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் ஆட்டக் கூட்டம் உண்டு. ஒரு கருவி நிற்கும்போது அந்தக் கூட்டமும் நிற்கிறது. சொற்கள் மாறாமல் இருக்க, அவற்றைச் சுற்றி எது வருகிறது, எது விலகுகிறது என்பதுதான் பாட்டு என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

ஊசிமுனை அவர்கள் காணொளிகளுக்குக் கொடுக்கும் இடம் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். பாரிஸ் ஏற்கெனவே பழுத்திருந்தது. 1996-இலேயே மோட்டார்பேஸின் ‘பான்சூல்’, எத்தியேன் தெ கிரேசியின் ‘சூப்பர் டிஸ்கவுன்ட்’ இரண்டும் வந்துவிட்டன. 1998-இல் பிரான்சின் ஆண்டு இசை விருதுகளான விக்தோவார் தெ லா மியூசிக் எலக்ட்ரானிக் இசைக்கு ஒரு பிரிவைத் தொடங்கி டிஜே லோரான் கார்னியேவுக்கு அதை அளித்தபோது, மூன்றே ஆண்டுகளுக்கு முன் சுற்றறிக்கைக்கு இலக்கான இசைக்கு அரசவை நாற்காலி கிடைத்துவிட்டது. அதே ஆண்டில் பாங்கல்தேரின் ரூலே நிறுவனம் ஸ்டார்டஸ்ட் என்ற குழுவின் ஒரே பாட்டான ‘மியூசிக் சவுண்ட்ஸ் பெட்டர் வித் யூ’வை வெளியிட்டு ஐரோப்பாவையே வளைத்தது.

சிகாகோவைப் பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘டீச்சர்ஸ்’ என்ற பாட்டில் பால் ஜான்சன், டிஜே ஸ்நீக், லில் லூயிஸ், ஜெஃப் மில்ஸ் என்று தாங்கள் கற்றுக்கொண்டவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வதைத் தவிர இவர்கள் வேறொன்றும் செய்யவில்லை. அந்தப் பாட்டின் வடிவமேகூட சிகாகோவின் பாரிஸ் மிட்செல் செய்த ஒரு பாட்டைப் பின்பற்றியது. பெயர் சொன்னால் கடன் தீர்ந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு, அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த வரிசையில் வரும் ரொமாந்தனியும் டாட் எட்வர்ட்ஸும் 2001-இன் ‘டிஸ்கவரி’ ஆல்பத்தில் பாடகர்களாகவே இடம்பெற்றார்கள். அவர்களில் ரொமாந்தனி பாடியது ‘ஒன் மோர் டைம்’.