ப்ராமிசரி எஸ்டாப்பல்: ‘முரண்தடை’ போதுமா?

> ‘வாக்குறுதி முரண்தடை’ ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது ஐயா. ஒருவர் சொன்னதை நம்பி இன்னொருவர் காரியத்தில் இறங்கிவிட்டால், சொன்னவர் இஷ்டத்துக்குப் பின்வாங்க முடியாது என்ற சட்ட நெறிதான் ப்ராமிசரி எஸ்டாப்பல். அதற்கு அந்தச் சொல் வழக்கறிஞர்களுக்குப் போதும். நான் எழுதிக்கொண்டிருப்பது வியாசர்பாடி தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு நான்கு பக்கத் துண்டறிக்கை. வரிச்சலுகை தருவதாகச் சொல்லித் தொழிலை வரவழைத்த அரசு, நடுவில் கைவிரித்தால் வழக்குப் போட முடியுமா என்பதுதான் விஷயம்.

முடியும். புது ஆலைகளுக்கு மூன்றாண்டு விற்பனை வரி கிடையாது என்று உத்தரப் பிரதேச அரசு 1968-இல் சொன்னது. அதை நம்பி மோதிலால் பதம்பத் நிறுவனம் கான்பூரில் கடன் வாங்கி வனஸ்பதி ஆலை கட்டியது. 1970-இல் ஆலை ஓடத் தொடங்கிய அடுத்த மாதமே, இடையில் குறைத்தது போக மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்சச் சலுகையும் போயிற்று. சொன்ன சொல்லுக்கு அரசு கட்டுப்பட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் பொதுநலனுக்காகப் பின்வாங்க இடமுண்டு. பின்வாங்குகிற அரசுதான் காரணம் காட்ட வேண்டும். அப்படித்தான் 1994-இல் காசின்கா டிரேடிங் வழக்கில், காலக்கெடு முடியுமுன்பே சுங்க வரி விலக்கை விலக்கிக்கொண்டது செல்லும் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால்தான் ‘தடை’ எனக்கு உறுத்துகிறது. காசிமேட்டில் படகைக் கட்டிப்போடுகிற மாதிரிதான் இது, வேண்டும்போது அவிழ்க்கலாம். ‘வாக்குக்கட்டு’ என்று எழுதி, பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே படித்தார்.

“இன்னா சார், எலெக்‌ஷன் மேட்டரா?”

அவர் சொல்வதும் சரிதான். வாக்கு என்றால் இன்று ஓட்டு. வாக்குக்கட்டு என்றால் எண்ணும் மையத்து மேசையில் கிடக்கும் சீட்டுக்கட்டு. ‘சொற்கட்டு’ என்று மாற்றலாமா என்று பார்த்தேன், அதை ஜதிக்கான பெயராகப் பரதநாட்டியக்காரர்கள் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. (தாளம் போடும் அரசு என்று யாராவது கேலி செய்வீர்கள்.)

அப்புறம் ‘உறுதிமொழிக்கட்டு’ என்று எழுதிக் காட்டினேன். கொஞ்சம் நீளம், ஆனால் அவர் விளக்கம் கேட்கவில்லை. “குடுத்த பேச்சுக்குக் கட்டுப்படணும், அதானே?” என்றார்.

தீர்ப்பில் ‘உறுதிமொழிக்கட்டு நெறி’, வழக்காடும்போது ‘உறுதிமொழிக்கட்டு வாதம்’ என்று ஒட்டிப் பார்த்தேன், உட்காருகிறது. இதைவிடக் குட்டையாக ஒன்று இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அன்றைக்கு அச்சகத்துக்குப் போகிறது.