'காற்று வெளியிடைக் கண்ணம்மா' பழைய கேசட் வெர்ஷன், யார் பாடினதுன்னு தெரியணும்

வணக்கமுங்க. எங்க அப்புச்சி பவானில மைக்செட் வச்சிருந்தவரு, அவரு பெட்டில ஒரு டிடிகே டி60 கேசட் கிடைச்சுது, கடையில குடுத்து பதிஞ்சது, அட்டையில '1987 பொங்கல்'னு மட்டும் பேனாவுல எழுதியிருக்கு, பி சைடுல ரெண்டாவது பாட்டு பாரதியோட 'காற்று வெளியிடைக் கண்ணம்மா'.

இது 1961ல வந்த கப்பலோட்டிய தமிழன் பாட்டு இல்லீங்க. அது ஜி.ராமநாதன் மியூசிக்ல பி.பி.சீனிவாஸும் சுசீலாம்மாவும் சேந்து பாடினது, இதுல ஒரே ஒரு பொம்பளைக் குரல்தான், வெறும் ஆர்மோனியமும் தபலாவும், மெட்டே வேற, ரொம்ப நிதானமா போகுது. 'துயர் போயின, போயின துன்பங்கள்'ங்கற வரிய ரெண்டு தடவ பாடி ரெண்டாவது தடவ 'போயின'ங்கறத இழுத்து எறக்குறாங்க பாருங்க, அந்த எடம் மாதிரி நான் வேற எங்கயும் கேட்டதில்ல. அதுக்கப்பறம் டேப் இரையுது, கடைசி அடி கேக்கவே மாட்டேங்குது.

பாட்டு கண்டுபிடிக்கற ஆப்ல போட்டா சினிமா பாட்டத்தான் காட்டுது. யூடியூப்ல கவர் எல்லாம் தேடியாச்சு, முக்காவாசி சினிமா மெட்டுதான். ஈரோட்டுல பழைய கேசட் விக்கறவர்ட்டயும் கேட்டேன், குரல் புடிபடலைன்னுட்டாரு. கேசட்ட சுத்தம் பண்ணி வேற டெக்லயும் ஓட்டிப் பாத்தாச்சுங்க.

தை மாசம் அம்மா அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், அம்மாவுக்கு இந்தப் பாட்டுன்னா உசுரு, முழுசா போட்டுக் காட்டணும்.

1987க்கு முன்னாடி தனிப் பெண் குரல்ல, வேற மெட்டுல இந்தப் பாட்டு வந்த பாரதி பாடல் கேசட்டோ ரெக்கார்டோ எதுன்னு யாருக்காச்சும் தெரியுமுங்களா?