கொயோட்டிக்கு எந்த ரைஃபிள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

மத்திய டெக்சாஸில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறேன். ஆடுகள் ஈனும் பருவம் தொடங்கியதும் கொயோட்டிகள் (ஓநாயைவிடச் சிறிய காட்டு நாய் இனம்) வந்துவிட்டன. வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து நுழைகின்றன. நேற்றுக் காலை, குரல்வளை கடிபட்டு ஒரு குட்டி செத்துக் கிடந்தது. இனியும் பொறுக்க முடியாது.

சுடும் தூரம் பெரும்பாலும் 200 கெஜத்துக்குள் இருக்கும். திறந்த புல்வெளியில் 300 வரை போகலாம். மூன்று தோட்டா வகைகளை யோசித்து வைத்திருக்கிறேன். .223 ரெமிங்டன் மலிவு, எங்கும் கிடைக்கும், உதைப்பும் குறைவு. .22-250 அதே 55 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 3,650 அடி வேகத்தில் செலுத்துகிறது; .223-ஐவிட 400 அடி அதிகம். ஆனால் குழல் சீக்கிரம் தேயும். .243 வின்செஸ்டர் குண்டு காற்றில் அவ்வளவாக விலகாது, மான் வேட்டைக்கும் ஆகும். கொயோட்டிக்கு அது அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் மனம் .223 பக்கம்தான். ஆனால் அடிபட்ட விலங்கு உயிரோடு ஓடித் துடிக்கக் கூடாது. அதுதான் என் முதல் கவலை. பலத்த காற்றில் 250 கெஜத்தில் .223-ஐ நம்பலாமா? எத்தனை கிரெய்ன் குண்டு, அதற்கு எந்தக் குழல் முறுக்கு (குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிகளின் சுழற்சி அளவு) பொருந்தும்? தொலைவில் பக்கத்துப் பண்ணைவீடு இருப்பதால், தரையில் பட்டுத் தெறிக்காமல் சிதறிவிடும் குண்டாகச் சொன்னால் பேருதவி.