மனித வளர்ச்சிப் பாடத்துக்கும் ஆலோசனைப் பயிற்சிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி
உளவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மனித வளர்ச்சித் தேர்வில் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சி பற்றிய பியாஜேயின் நான்கு நிலைகளையும், வாழ்நாள் முழுவதுமான மன வளர்ச்சி பற்றிய எரிக்சனின் எட்டு நிலைகளையும் வரிசை பிசகாமல் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். ஆனால் ஆலோசனைப் பயிற்சிக்காகச் சக மாணவி ஒருவரின் எதிரே அமர்ந்தபோது, அவற்றில் ஒன்றுகூட எனக்குக் கைகொடுக்கவில்லை. அவர் பேசி முடிக்கும் முன்பே தீர்வு சொல்ல மனம் பரபரத்தது. நான் படித்ததையெல்லாம் எங்கே பயன்படுத்துவது?

பதில் 1 (ஆலோசகர்)
கோட்பாட்டை விடையாகக் கொண்டுசென்றால் கைகொடுக்காது. எதைக் கவனிக்க வேண்டும் என்று நினைவூட்டுவதே அதன் வேலை. பதினேழு வயது இளைஞர் ஒருவர், "எந்தப் படிப்பும் பிடிக்கவில்லை" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் அதைச் சோம்பல் என்று எண்ணலாம். 'நான் யார்' என்ற தேடல் உச்சத்தில் இருக்கும் பருவம் இது என்பதை எரிக்சனிடம் கற்றவரோ, அந்த ஒரு சொல்லுக்குள் யார் யாருடைய விருப்பங்கள் நெருக்குகின்றன என்று செவிகொடுப்பார். அதே சொற்களை ஐம்பது வயதுக்காரர் சொன்னால் கேட்க வேண்டியது வேறு. அதற்காக எதிரில் இருப்பவரை ஒரு நிலைக்குள் அடைத்துவிடாதீர்கள். கண்ணிலிருந்து மறைந்த பொருள் தொடர்ந்து இருக்கிறது என்ற புரிதல், பியாஜே கருதியதைவிட மிக முன்னதாக, ஐந்து மாதக் குழந்தைகளிடமே இருப்பதற்கான சான்றுகளை ரெனே பெய்லார்ஜியானும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் முன்வைத்தார்கள். பாடநூலின் வயதுக் கோடுகள் அந்த அளவுக்கு நெகிழ்வானவை.

பதில் 2 (முதுகலை மாணவர்)
தீர்வு சொல்லும் பரபரப்பு எனக்கும் இருந்தது. 'ஆலோசனை' என்ற சொல்லே யோசனை சொல்லத் தூண்டுகிறது என்பது என் எண்ணம். உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், ஆலோசனை பெறுபவரின் ஆளுமை மாற்றத்துக்கு இன்றியமையாதவையாகக் குறிப்பிட்ட ஆறு நிபந்தனைகளுள் அறிவுரை இல்லை. பரிவுணர்வும், நிபந்தனையற்ற ஏற்பும், ஆலோசகரின் உண்மைத்தன்மையும் இருக்கின்றன. அவர் 1940களிலேயே அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர். நீங்களும் உங்கள் அமர்வைப் பதிவுசெய்து, சொல்லுக்குச் சொல் எழுதிப் பாருங்கள். என் முதல் எழுத்துப்படியில், எதிரில் இருந்தவரின் மௌனம் ஒவ்வொன்றையும் நான் ஒரு கேள்வியால் அடைத்திருந்தேன்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த மாணவி முதன்முறையாக வீட்டைப் பிரிந்து வந்திருப்பதாகச் சொன்னார். நான் நேர அட்டவணை போடும் வழியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த அமர்வில், அவர் சம்மதித்தால் மட்டும் ஒலிப்பதிவு செய்து, வீட்டைப் பற்றி அவர் சொல்ல வருவதிலிருந்து தொடங்குகிறேன்.