குலெப்ரோன் என்றால் பாம்பா, சீரியலா?

மிளகுக்கொடி, ஏற்காடு:
எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். போன வாரம் ஸ்பெயினிலிருந்து ஒரு அம்மா வந்து தங்கினார். ராத்திரி அம்மாயி சீரியல் போட்டதும், அதிர்ச்சியான மருமகளின் முகத்தை மூன்று பக்கமிருந்தும் டமார் டமார் என்று காட்டினார்களே, அதைப் பார்த்துவிட்டு "குலெப்ரோன்!" என்று ஒரே சிரிப்பு. போனில் தேடினால் பெரிய பாம்பு என்று வருகிறது. மருமகளையா சொன்னார்? டிவி சீரியலுக்கு அவர்கள் மொழியில் டெலிநோவெலா என்றுதானே பேர்?

பழையசொல்:
மருமகளை இல்லை, தொடரைத்தான். குலெப்ரா என்றால் பாம்பு, லத்தீனிலிருந்து வந்த சொல். கடைசியில் 'ஓன்' சேர்த்தால் பெரிய பாம்பு. முடியாமல் நெளிந்து நெளிந்து போவதால் அந்தப் பட்டம். நாம் அனுமார் வால் என்கிறோமே, அப்படி. டெலிநோவெலா என்பது சாதாரணப் பேர், குலெப்ரோனில் கொஞ்சம் நக்கல் உண்டு. அந்த 'நோவெலா' இத்தாலிய நோவெல்லாவிலிருந்து போனது, நம் 'நாவல்' அதே வீட்டிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்த பங்காளி.

கொலுசுக்காரன், செவ்வாய்ப்பேட்டை:
டெலிக்கு முன்னால் ரேடியோநோவெலா இருந்தது, கியூபாவில் 1948-இல் வந்த ஒன்று கண்டம் முழுக்க அழவைத்தது. அதற்கும் முன்னால், 1865-லிருந்தே, அங்கே சுருட்டு ஆலைகளில் ஒருவர் மேடையில் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டு சுற்றுவார்கள், வாசிப்பவருக்குக் கூலி தொழிலாளிகளே போட்டுக் கொடுத்ததுதான். எங்கள் பட்டறையிலும் போனைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். கண் கொலுசில், காது சீரியலில். பொடி வைத்து ஊதும் வேலைக்குப் பொடி வைத்துப் பேசும் மாமியார்தான் சரியான துணை.

சும்மாஒருவன்:
சீரியலையும் டெலிநோவெலாவையும் ஒன்றாக்காதீர்கள். அவர்கள் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் கல்யாணம் பண்ணிவைத்துக் கதையை முடித்துவிடுவார்கள். நம் 'கோலங்கள்' 2003-இல் ஆரம்பித்து 2009-இல்தான் முடிந்தது. பாம்பு என்ற பேர் அவர்களைவிட நமக்குத்தான் பொருந்தும்.

மிளகுக்கொடி, ஏற்காடு:
சரி, எல்லோருக்கும் நன்றி. அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். "பாம்புன்னா சட்டையாவது உரிக்குமே, இவ மூணு வாரமா அதே பச்சைச் சேலையிலதான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறா" என்கிறார்.