கிரிப்டோன்னா எதைத்தான் சொல்றாங்க? அப்பாவுக்கு புரிய வைக்கணும்

பெரம்பூர்_பையன்:
அப்பா ரிட்டயர் ஆகி ஆறு மாசம் ஆகுது, கூட வேலை பாத்தவர் ஒருத்தர் தி.நகர்ல ஏதோ ஓட்டல் மீட்டிங்குக்கு கூட்டிட்டு போயிருக்கார், அங்க கிரிப்டோ காயின், மாசம் 10 பர்சென்ட் கேரண்டி, ஆள் சேத்தா தனி கமிஷன்னு சொல்லிருக்காங்க. ரிசர்வ் பேங்கே டிஜிட்டல் ரூபாய் விட்டுருக்கே, அதே மாதிரிதானேன்னு அப்பா கேக்குறார். எல்லாம் ஒண்ணா?

கணக்குப்புள்ள:
ஒண்ணு இல்ல ப்ரோ, தயவுசெஞ்சு பணம் கட்ட விடாதீங்க. கிரிப்டோகிராபிய, அதாவது ரகசியக் குறியீட்டு முறைய வச்சு ஓடுறதால கிரிப்டோன்னு பேரு. 2008ல சதோஷி நகமோட்டோங்கிற பேர்ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுபடி 2009 ஜனவரில பிட்காயின்ங்கிற முதல் கிரிப்டோ காயின் ஓட ஆரம்பிச்சுது. பேங்க் வச்சிருக்க வேண்டிய கணக்கு நோட்ட உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் ஆளுக்கொரு காப்பி வச்சிருக்கு, சுமாரா 10 நிமிஷத்துக்கு ஒருதரம் புதுப் பக்கம் சேரும், இந்த நோட்டத்தான் பிளாக்செயின், சுருக்கமா செயின்னு சொல்றது, மொத்தமே 2.1 கோடி காயின்தான். இதுல முதலாளின்னு ஒருத்தர் இல்ல, அப்புறம் மாசாமாசம் கேரண்டி யார் குடுப்பா? புதுசா சேர்றவன் காசுலதான் குடுக்கணும், அது நம்ம ஊர் பழைய சீட்டு மோசடியேதான்.

டிஜிட்டல் ரூபாய் வேற. அது ரிசர்வ் பேங்க்கே வெளியிடுற ரூபாய், 2022 டிசம்பர்ல பொதுமக்களுக்கு சோதனையா விட்டாங்க, 100 ரூபான்னா எப்பவும் 100 ரூபாதான்.

அடையார்_ஆடிட்டர்:
மீட்டிங்ல "கவர்மென்ட்டே டாக்ஸ் வாங்குது, அப்போ லீகல்"னும் சொல்லிருப்பாங்களே. 2022 பட்ஜெட்ல லாபத்துக்கு 30% வரி போட்டாங்க, விக்கும்போதே 1% டிடிஎஸ்னு முன்கூட்டி வரி பிடிப்பாங்க, ஒரு காயின்ல வந்த நஷ்டத்த இன்னொண்ணோட லாபத்துல கழிக்கவும் முடியாது. ஆனா சட்டத்துல அதுக்குப் பேரு கரன்சி இல்ல, விர்ச்சுவல் டிஜிட்டல் அசெட். நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டும் 2025ல அது ஒரு சொத்துன்னுதான் சொல்லுச்சு. வரி போட்டா அந்த காயின் நல்ல காயின்னு அர்த்தம் ஆகாது.

கணக்குப்புள்ள:
இன்னொண்ணு விட்டுட்டேன். பிட்காயின், ஈதர் மாதிரி சொந்த செயின் உள்ளத காயின்னும், அடுத்தவங்க செயின் மேல ஓடுறத டோக்கன்னும் சொல்லுவாங்க. டோக்கன் யார் வேணா பத்து நிமிஷத்துல உருவாக்கலாம். அதனால எந்த செயின், கான்ட்ராக்ட் அட்ரஸ் (செயின்ல அந்த டோக்கன் இருக்குற முகவரி) என்னன்னு அந்த ஆள்கிட்ட கேளுங்க, பிளாக் எக்ஸ்ப்ளோரர்ல, அதாவது அந்த செயின் கணக்க யார் வேணா பாக்குற வெப்சைட்ல தேடுங்க. அவங்க ஆப்ல மட்டும் தெரிஞ்சா அது அவங்க டைப் பண்ண வெறும் நம்பர். ஏற்கனவே கட்டிட்டா லேட் பண்ணாம சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கால் பண்ணிடுங்க.

பெரம்பூர்_பையன்:
ரொம்ப நன்றிண்ணா. அப்பாவ விட்டு கேக்கச் சொன்னேன், அட்ரஸ்லாம் ஆபீஸ்லதான் இருக்கும், முதல்ல பணம் கட்டுங்கன்னு அந்த ஆள் சொன்னாராம். ஞாயித்துக்கிழமை அப்பா 2 லட்சம் கட்டுறதா இருந்தார், இப்ப வேணாம்னுட்டார்.