மலப் பரிசோதனையில் கிருமி தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் தேவையா? எங்கள் நாய்களின் அனுபவம்

எங்கள் லாப்ரடாருக்கு ஐந்து வயது. நாய்க் காப்பகத்தில் விட்டு அழைத்துவந்த மறுநாளே பேதி தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, சளியோடு. முடிவில் இரண்டு சொட்டுச் சிவப்பு ரத்தம். கேட்டதுமே மருத்துவர் பெருங்குடல் கோளாறு என்றார். சிறுகுடல் என்றால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகுமாம், நீடித்தால் எடையும் இறங்குமாம்.

மலப் பரிசோதனையில் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று வந்தது. உடனே ஆன்டிபயாட்டிக் எழுதுவார் என்றுதான் எதிர்பார்த்தோம். எழுதவில்லை. நோயே இல்லாத நாய்களின் குடலிலும் இந்தக் கிருமி குடியிருக்கிறது. அது பெருகியதால் பேதியா, பேதியால் அது பெருகியதா என்பதை அறிக்கை மட்டும் சொல்லாது என்றார். நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, காய்ச்சல் இல்லை. ஆகவே எளிதில் செரிக்கும் உணவைச் சிறு சிறு வேளைகளாகத் தரச் சொன்னார், கூடவே நாய்களுக்கான புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாக்கள். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால் பித்த அமிலங்களைப் பக்குவப்படுத்தும் நல்ல பாக்டீரியாக்களும் மடிந்துபோகும். அவை மீண்டும் தழைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பது அவர் வாதம். பேதி தானாகவே நின்றது. மருந்துச் சீட்டு இல்லாமல் வந்ததில் என் மனைவிக்கு மட்டும் இன்னும் மனக்குறை.

* * *

மேலே சொன்ன பொறுமை வளர்ந்த நாய்க்குப் பொருந்தும். குட்டிக்கு வேண்டாம்.

எங்கள் குட்டி ஒரு தடுப்பூசி மட்டுமே போட்டிருந்தது. காலையில் சாப்பிடவில்லை, மதியம் வாந்தி, மாலையில் குடலைப் புரட்டும் நாற்றத்தோடு ரத்தப் பேதி. ஈறுகள் வெளுத்து ஒட்டும் பதத்தில் இருந்தன. மருத்துவமனையில் சில நிமிடங்களிலேயே பார்வோ வைரஸ் என்று தெரிந்துவிட்டது. இந்த வைரஸ் குடலின் உட்சுவரை அரித்துவிடுகிறது, வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. அதுவரை குடலுக்குள் சாதுவாக இருந்த ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் அந்த ஓட்டை வழியே ரத்தத்தில் கலக்கின்றன. வைரஸை ஆன்டிபயாட்டிக் தொடாது. ஆனாலும் இந்தப் படையெடுப்பைத் தடுக்க ஊசி வழியாக அதைக் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. ட்ரிப்ஸும் ஏறியது, சர்க்கரை அளவையும் விடாமல் பார்த்தார்கள். குட்டிகளுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பதால் பேதி என்று பட்டினி போடவும் கூடாதாம்.

பிழைத்துக்கொண்டது. தடுப்பூசித் தொடரைக் குறைந்தது 16 வார வயது வரை கொண்டுபோகச் சொல்கிறார்கள். இந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது, பிளீச் போன்றவற்றுக்குத்தான் அடங்கும்.

* * *

வேறொரு சமயம் எங்கள் வீட்டில் குட்டிக்குப் பேதி வந்த கையோடு மகளுக்கும் வந்தது. இருவருக்கும் கேம்பைலோபாக்டர். நாய்க்குட்டிகளிடமிருந்து மனிதருக்குத் தாவக்கூடிய கிருமி இது. பச்சை இறைச்சி கொடுப்பவர்கள் சால்மொனெல்லாவையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் நலமாகவே தெரியும், ஆனால் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். மலத்தை அள்ளியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை இப்போது மகளே எனக்கு நினைவூட்டுகிறாள்.

* * *

கோலி இன நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மனிதர்களுக்குப் பேதியை நிறுத்தத் தரும் மாத்திரையான லோபரமைடை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்த இனத்தில் பல நாய்களுக்கு உள்ள மரபணு மாற்றத்தால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். என் நாய்க்கு அந்த மரபணு இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்த அறிக்கையைத்தான் நீட்டுகிறேன்.